வாத்தியார் பதில்கள்: அட்டைக்குப் பயந்தால் காடு பார்க்க முடியுமா?

போன மாதம் ஒரு பதிலுக்கு நடுவே, மாணவர்களைத் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் வாசலான கோலா தாஹான் காட்டுக்குக் கூட்டிப்போன கதையை இரண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான். இம்மாதம் வந்த கடிதங்களில் பாதி காட்டைப் பற்றியே. ஆகவே பிள்ளை படிப்பு, வாடகைத் தகராறு எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மலேசியாவின் பகாங் மாநிலத்தில் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். ஆராய்ச்சியாளன் அல்ல. வருடா வருடம் நாற்பது பிள்ளைகளைத் தாமான் நெகாராவுக்குள் கூட்டிப்போய், தலையை எண்ணி, அதே நாற்பதைத் திரும்பக் கூட்டிவந்தவன். என் தகுதி அதுதான்.

ஐயா, டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளோடு தாமான் நெகாரா போகலாம் என்றிருக்கிறோம். புலி, அட்டை, வெள்ளம் என்று மூன்று காரணம் சொல்லி என் மாமியார் தடுக்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கிள்ளான்

மூன்றில் ஒன்றில் மாமியார் சொல்வது சரி அம்மா. வெள்ளம்.

கோலா தாஹானைக் காடு, மலை என்று நினைத்துப் போவீர்கள். மலை உண்டு, மலேசியத் தீபகற்பத்தின் மிக உயரமான தாஹான் மலை, 2,187 மீட்டர், அந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் தங்கப்போகும் இடம் மலையடி கூட அல்ல, ஆற்றங்கரை. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட வராது. மலையில் கொட்டும் மழை தாஹான் ஆற்றில் இறங்கி, தெம்பெலிங்கில் கலந்து, கோலா தெம்பெலிங்கில் ஜெலாய் ஆற்றோடு சேர்ந்து பகாங் ஆறாகிறது. அப்புறம் பெக்கான் அருகே கடலைத் தொடும்வரை சரிவே இல்லாத தட்டையான நிலம். மேலிருந்து தண்ணீர் ஓடி வருகிறது, கீழே நடந்துதான் போகிறது. நடுவில் இருப்பவர்கள் நனைய வேண்டியதுதான். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை; கிழக்குக் கரைக்கும் பகாங்குக்கும் டிசம்பர்தான் உச்சம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கோலா தாஹானில் மாட்டிக்கொண்ட பயணிகளை மீட்டு வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. பயணத்தை ஏப்ரலுக்கோ ஜூனுக்கோ தள்ளிப்போடுங்கள்.

புலி? மலாயாப் புலி காட்டில் 150க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது என்பது 2016 முதல் 2020 வரை எடுத்த தேசியக் கணக்கு. உங்களைப் பார்த்துப் புலிதான் பயப்பட வேண்டும்.

அட்டை உண்டு. மறைப்பதில் பயனில்லை. மழை விட்ட அரை மணி நேரத்தில் பாதையோரம் குனிந்து பாருங்கள். தீக்குச்சி நீளத்தில் ஒரு பழுப்பு நூல், காய்ந்த இலையின் நுனியில் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, முன்பக்கத்தைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் மூச்சு விட்டால் அந்தப் பக்கம் திரும்பும். கால் அதிர்ந்தால் சாண் சாணாக அளந்துகொண்டு வரும். தரையிலிருந்து ஏறும் பழுப்பு அட்டை கடிப்பது தெரியாது. காலுறை சிவந்த பிறகுதான் தெரியும். செடி இலையில் உட்கார்ந்திருக்கும் வரி போட்ட 'புலி அட்டை' கடித்தால் சுருக்கென்று இருக்கும். இரண்டையும் இழுத்துப் பிய்க்காதீர்கள். வாய் ஒட்டிய இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்து நெம்பினால் கழன்றுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது எச்சிலில் மருந்து வைத்திருக்கிறது, அதனால் கொஞ்ச நேரம் கசியும், பயம் வேண்டாம். எங்கள் தாத்தா வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு துளி சுண்ணாம்பு தொட்டு வைப்பார். அது தானாகச் சுருண்டு விழும். உங்கள் மாமியார் வெற்றிலை போடுபவராக இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள்.

மழைக்காட்டில் இவ்வளவு மரம் வளர்கிறதென்றால் உலகத்திலேயே வளமான மண் அங்கேதான் இருக்க வேண்டும். அப்படியிருக்க, காடு வெட்டிய நிலத்துக்கு ஏன் மூட்டை மூட்டையாக உரம் போடுகிறார்கள்?
– ஒரு விவசாயி, மதுரை மாவட்டம்

இதே கேள்வியை என் அப்பா எனக்கு முன்பே கேட்டுவிட்டார், மண்வெட்டியால்.

எங்கள் தோட்டத்தின் கடைசி வரிசைப் பால்மரங்களுக்கு அந்தப்புறம் காடு. ஓரமாகக் கொஞ்சம் திருத்திக்கொள்ள மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், வாய்மொழியாக அனுமதி தந்தார். அப்பாவும் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் மூன்று மாதம் வெட்டி, காயவிட்டு, எரித்தார்கள். சாம்பல் கணுக்கால் வரை இருந்தது. மரவள்ளி நட்டார்கள். முதல் வருடம் கிழங்கு என் தொடை கனம். லயத்தில் எல்லா வீட்டிலும் எங்கள் கிழங்குதான் அவிந்தது. இரண்டாம் வருடம் மணிக்கட்டு கனம். மூன்றாம் வருடம் பிடுங்கினால் விரல் விரலாக வந்தது, வேரா கிழங்கா என்று அம்மா கேட்டார். அப்பா அதை உதறிப் போட்டுவிட்டு, "மண்ணு ஏமாத்திடுச்சு" என்றார்.

மண் ஏமாற்றவில்லை. அதனிடம் எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை. முதல் வருடக் கிழங்கு சாம்பலைத் தின்று வளர்ந்தது. சாம்பல் என்பது எரிந்த மரம். வளம் மரத்தில் இருந்தது.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பல்லாயிரம் வருடமாக வெயிலும் மழையும் மாறி மாறி விழுந்து, சுண்ணாம்புச் சத்து, சாம்பல் சத்து எல்லாம் கழுவிப் போய்விட்டன. கரையாத இரும்பும் அலுமினியமும்தான் மிச்சம். மண் சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருப்பது அதனால். காட்டுக்குள் போய்ச் செருப்பு நுனியால் இலைச் சருகை ஒதுக்கிப் பாருங்கள். இரண்டு விரற்கடைக்குக் கீழே மஞ்சள் களி தெரிந்துவிடும். அந்த இரண்டு விரற்கடைக்குள்தான் வேலை முழுவதும் நடக்கிறது. சருகைத் தூக்கினால் அடியில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. அதன் ஊடே முடி போன்ற மரவேர்கள், கீழே போகாமல், மேலே ஏறி வந்து அழுகும் இலையைப் பிடித்திருக்கும். கரையானும் பூஞ்சையும் இலையைக் கரைக்கக் கரைக்க, அடுத்த மழை அடித்துக்கொண்டு போவதற்குள் வேர் வாங்கிக்கொள்கிறது. அறுபது மீட்டர் மரங்கள்கூட ஆழ வேர் விடாமல், சாயாமல் இருக்க ஆளுயரப் பலகை வேர்களை நாலாபக்கமும் முட்டுக் கொடுத்து நிற்பது அதனால்தான். கீழே போய் எடுக்க என்ன இருக்கிறது?

எங்கள் தோட்டத்து மளிகைக் கடைக்காரர் நினைவுக்கு வருகிறார். காலையில் கல்லாவுக்கு வந்த பணம் சாயங்காலத்துக்குள் சரக்காகிவிடும். பெரிய வியாபாரம், ஆனால் கையிருப்பு சல்லிக்காசு கிடையாது. காடு அப்படி நடக்கும் கடை. மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினால் முதல் மொத்தமும் லாரியோடு போய்விடுகிறது.

ரப்பர் தோட்டத் துரைமார்களுக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் புல் ஒன்றுகூட இல்லாமல் சுரண்டி வைத்தார்கள். மண் மழையில் ஆற்றுக்குப் போயிற்று. பிறகுதான் வரிசைகளுக்கு நடுவே அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படரவிட்டார்கள். சின்ன வயதில் அந்தக் கொடிக்குள் பாம்பு இருக்கும் என்று எங்களைப் பயமுறுத்துவார்கள். மண்ணைக் காப்பாற்றத்தான் அந்தக் கொடி என்பது கல்லூரியில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வண்டல் போட்டுவிட்டுப் போகும் கரையோரம் நல்ல மண்தான். பகாங்கில் பழைய மலாய்க் கம்பங்கள் (கிராமங்கள்) எல்லாம் ஆற்றை ஒட்டியே இருப்பதைப் பாருங்கள். எரிமலை மண் உள்ள ஜாவாவின் கதையும் வேறு. அமேசான் இன்னும் வேடிக்கை: சகாரா பாலைவனத்துத் தூசி அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பறந்து வந்து, அந்தக் காட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் கொடுக்கிறதாம். பாலைவனம் போடும் உரத்தில் மழைக்காடு.

தாமான் நெகாரா 130 மில்லியன் ஆண்டு பழைய காடு என்று சுற்றுலாத் தாளில் போட்டிருக்கிறது. டைனோசர் காலத்து மரங்கள் இன்னும் நிற்கின்றனவா சார்?
– படிவம் 4 மாணவர், ஈப்போ

இல்லை தம்பி. மரத்துக்குச் சில நூறு வருடம்தான் ஆயுள். அந்த எண்ணைத் தேர்வில் எழுதாதே. சுற்றுலாத் தாள் எழுதுபவர்களுக்குப் பெரிய எண் பிடிக்கும்.

ஆனால் அதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. பனியுகத்தில் ஐரோப்பாவின் வடபாதியைப் பனிப்பாளம் மூடிக் காட்டை அழித்தது. இங்கே பனி வரவில்லை. வேறொன்று நடந்தது. உலகத்துத் தண்ணீர் பனியாக உறைந்ததால் கடல் சுமார் 120 மீட்டர் இறங்கிற்று. மலாக்கா நீரிணை வற்றி நிலமானது. தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பு. சுந்தா நிலம் என்று அதற்குப் பெயர். கோலாலம்பூரிலிருந்து கூச்சிங்குக்கு யானை நடந்தே போயிருக்கலாம், அப்போது இரண்டு ஊரும் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் இன்றைக்கும் கடலால் பிரிந்த இந்த இடங்களில் ஒரே சாதி மரங்கள். பனி வந்து துடைக்காத இடத்தில் இனங்கள் சேர்ந்துகொண்டே போயின. காடு பழையது, மரம் புதியது. உன் தாத்தாவின் வீட்டில் இப்போது நீ இருப்பது மாதிரி.

பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1939 வாக்கில். அப்போது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு தாமான் நெகாரா. 4,343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றும் சேர்ந்தது. இதைத் தேர்வில் எழுது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிங்கராஜா வனம் இருக்கிறது. மலேசியக் காட்டுக்கும் அதற்கும் ஏதாவது சொந்தம் உண்டா ஐயா?
– ஒரு வாசகர், இரத்தினபுரி

ரத்தச் சொந்தம். இரண்டுமே 'டிப்டெரோகார்ப்' என்ற ஒரே மரக்குடும்பத்தின் காடுகள். கிரேக்கத்தில் 'இரு சிறகுக் காய்' என்று பொருள். எங்களுடைய மெராந்தி, கெருயிங், செங்கால், காப்பூர் எல்லாம் அந்தக் குடும்பம். உங்கள் ஊர் ஹொர, ஹல் மரங்களும் அதே. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரம்கூட அதே. சாமி அறையில் சாம்பிராணியோடு குங்கிலியம் போடுகிறீர்களே, அது இந்தக் குடும்பத்தின் பிசின். மலாய்க்காரர்கள் அதை டாமார் என்பார்கள், படகுக்கு ஓட்டை அடைப்பார்கள்.

காப்பூர் மரத்தின் கதை இன்னும் நெருக்கம். அதன் தண்டுக்குள் வெடிப்புகளில் வெள்ளைப் படிகமாக உறைந்திருப்பதுதான் பழைய பச்சைக் கற்பூரம். இதை வாங்க நம் ஆட்கள் சுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்துக்கு ஆயிரம் வருடம் முன்பே போயிருக்கிறார்கள். அங்கே 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் வணிகக் குழு. தோட்டத்துக்குப் பால் வெட்ட வந்ததுதான் இந்த மண்ணோடு நமக்கு முதல் உறவு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

இந்த மரங்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம். எங்கள் பக்கம் அவை வருடா வருடம் பூப்பதில்லை. இரண்டு வருடமோ, பத்து வருடமோ சும்மா நிற்கும். நீண்ட வறட்சியோ, சில இரவுகள் வழக்கத்தைவிடக் குளிர்வதோ வந்தால், மலைக்கு மலை, இனத்துக்கு இனம் சேர்ந்து பூத்துத் தள்ளும். பல மெராந்தி இனங்களின் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது யார் தெரியுமா? இலைப்பேன். மதுரை விவசாயி மிளகாய்ச் செடியில் மருந்தடித்துக் கொல்லும் அதே வகைப் பூச்சி. பிறகு லட்சக்கணக்கில் காய். பன்றியும் அணிலும் வண்டும் தின்று தீர்க்க முடியாத அளவு விழுவதால் கொஞ்சம் தப்பி முளைக்கிறது. விதை சில வாரத்துக்கு மேல் உயிரோடிராது. சேமித்து வைக்க முடியாது.

ஒரு பூப்பு வருடத்தில் மாணவர்களோடு போயிருந்தேன். மரங்களுக்கிடையே கட்டிய தொங்குபாலத்திலிருந்து பிள்ளைகள் கெருயிங் காயை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். பழுப்புச் சிறகு இரண்டும் சுழல, சின்ன ஹெலிகாப்டர் மாதிரி இறங்கிற்று. எண்ணிக்கொண்டே இருந்தோம். ஒன்றுகூட மரத்தடியைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. காற்றில்லாத காட்டில் சிறகு வைத்து என்ன பயன் என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி, அன்று என்னிடம் பதில் இல்லை. விழுந்த இடத்தில் முளைத்த கன்று கணுக்கால் உயரத்தில் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றோ இரண்டோதான் தரைக்கு வருகிறது. பக்கத்தில் ஒரு பெரிய மரம் சாய்ந்து வானம் திறக்கும்வரை அது காத்திருக்க வேண்டும்.

காட்டுக்குள் டுரியான் கிடைக்குமா?
– வாசகர், ரவூப்

யானை மிச்சம் வைத்தால்.

செம்பனைத் தோட்டமும் பச்சையாகத்தானே இருக்கிறது? மரம் மரம்தானே? ஏன் காடு போச்சு காடு போச்சு என்று புலம்புகிறீர்கள்?
– வாசகர், குளுவாங்

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான், செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, பலருக்குச் சோறு போடுகிறது. என் தம்பி வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. ஆனாலும் மரம் மரம்தான் என்பது சரியில்லை.

நெகிரி செம்பிலானில் பாசோ என்று ஒரு காட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் 50 ஹெக்டேரை அளந்து, சுண்டுவிரல் கனத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, 1980களிலிருந்து கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள், 800க்கு மேற்பட்ட இனங்கள். அதன் மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டம். அங்கே எத்தனை இனம்? ஒன்று. அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இந்நாட்டில் வணிகத்துக்காக முதலில் நட்டது 1917இல், சிலாங்கூரில். ரப்பரும் வெளியூர்தான், அமேசான் தாழ்நிலக் காட்டு மரம். பிறந்த ஊரில் அதை வரிசையாக நட்டால் இலைக்கருகல் பூஞ்சை வந்து கொன்றுவிடுகிறது. கார் முதலாளி ஃபோர்டு 1928இல் அங்கே போட்ட தோட்டம் அப்படித்தான் தோற்றது. பூஞ்சை வந்து சேராத மலாயாவில் அது பிழைத்தது, அதற்குப் பால் வெட்ட என் கொள்ளுத்தாத்தா கப்பலேறினார். பிறகு பால் விலை விழுந்ததும் அதையும் வெட்டிச் செம்பனை நட்டார்கள்.

இழப்பு எங்கே என்றால், தாழ்நிலத்தில். முன்னூறு மீட்டருக்குக் கீழே இருக்கும் காட்டில்தான் மிகப் பெரிய மரங்களும் மிக அதிக இனங்களும். தோட்டம் போட, சாலை போட, டிராக்டர் ஓட்ட வசதியானதும் அதே தட்டை நிலம். அதனால் அது முதலில் போயிற்று. நெடுஞ்சாலையில் போகும்போது தொடுவானத்தில் பச்சையாகக் காடு தெரிகிறதே என்பீர்கள். அது மலைச்சரிவு, யாரும் ஏற முடியாததால் மிஞ்சியது. சுமத்ரா காண்டாமிருகம் இந்நாட்டுக் காட்டில் அற்றுப்போய், பாதுகாப்பில் இருந்த கடைசி ஒன்றும் 2019 நவம்பரில் சபாவில் செத்தது. அப்பாவின் மரவள்ளி நிலமும் இப்போது செம்பனைதான். உரம் போட்டு நன்றாகக் காய்க்கிறது.

இத்தனை வருடம் காட்டுக்குப் போயிருக்கிறீர்களே, ஒரு முறையாவது புலியைப் பார்த்தீர்களா தாத்தா?
– மூன்றாம் ஆண்டு மாணவி, தெமர்லோ

இல்லை பாப்பா.

ஒரே ஒரு முறை, தெம்பெலிங்கின் கிளையாறு ஒன்றில், நீர் குறைந்து படகு மணலில் தட்டிவிட்டது. இறங்கித் தள்ளினோம். ஈர மணலில் வட்டமாக ஓர் அடித்தடம், என் விரித்த கை அளவு, நகக்குறி இல்லை. தடத்துக்குள் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. "இது என்ன?" என்று நான் வாயைத் திறந்தேன். படகுக்காரர் மலாய்ப் பெரியவர். காட்டுக்குள் அவர்கள் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "பாக் பெலாங்," வரிக்கார மாமா, என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தடத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து போய் இயந்திரக் கயிற்றை இழுத்தார். நானும் சுற்றித்தான் நடந்தேன். அக்கரையில் ஒரு மீன்கொத்தி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.